முயல் சுடும் .22 ரைஃபிளுக்கு 24 மடங்கு ஸ்கோப் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் கேள்வி-பதில் பக்கத்தில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாகப் பண்ணை வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், முயல் தொல்லைக்காக .22 ரைஃபிள் எடுத்திருப்பதாகவும் அதற்கு எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தலாம் என்றும் கேட்டிருந்தார். “உருப்பெருக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. 6-24x50 வாங்கிவிடுங்கள், பின்னாளில் பெரிய ரைஃபிளுக்கும் ஆகும்” என்று பதில் வந்திருந்தது. (6-24x50 என்றால் 6 முதல் 24 மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 50 மில்லிமீட்டர்.) குறியைத் திருத்தும் திருகை ஒரு கிளிக் (ஒரு படி) திருகினால் 50 மீட்டரில் குண்டு 7 மில்லிமீட்டர் நகரும் என்றும் அதில் இருந்தது. இரண்டும் தவறு. அதை நம்பிக் காசு செலவழிப்பவருக்கு நட்டம் என்பதோடு போகாது. குறி தவறிக் காயம்பட்ட முயல் வளைக்குள் இழுத்துக்கொண்டு போய் இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும். வளைக்குள் கை விட்டு அதை எடுக்கவும் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த ஊர் விஷயம் இது என்பதைச் சொல்லிவிடுகிறோம், இதழை இணையத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் படிக்கிறார்கள் என்பதால். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பிய முயல் வந்தேறிய விலங்கு. 1859இல் விக்டோரியாவின் வின்செல்சி அருகே பார்வன் பார்க் பண்ணையில் தாமஸ் ஆஸ்டின் இறக்கிவிட்டது பெருகித்தான் கண்டம் முழுக்கப் பரவியது. 1950இல் மிக்ஸோமா வைரஸ், 1995இல் கலிசி வைரஸ் என்று இரண்டு நோய்களுக்குப் பிறகும் அழியவில்லை. விக்டோரியாவில் 1994ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது தொல்லை விலங்கு, கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை. செமி-ஆட்டோ (அடுத்த தோட்டா தானே ஏறும் வகை) அல்லாத ரிம்ஃபயர் ரைஃபிள், அதாவது .22 போலத் தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை, ‘ஏ’ பிரிவு உரிமத்துக்குள் வரும். உரிமம், நிலத்துக்காரரின் அனுமதி இரண்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஸ்கோப்புக்கு வருவோம்.

.22 லாங் ரைஃபிள் தோட்டாவால் முயலை நம்பிச் சுடக்கூடிய தூரம் 20 முதல் 60 மீட்டர். கை தேர்ந்தவர், காற்றில்லாத மாலையில், தன் தோட்டாவின் போக்கைக் காகிதத்தில் அளந்து வைத்திருந்தால் 75 வரை போகலாம். அதற்கு மேல் கூடாது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்கோப்புகள் இந்தத் தூரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை மான் வேட்டைக்காரருக்கானவை, 100 கெஜத்துக்குச் சரிசெய்து பூட்டப்பட்டவை. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மடங்கு என்பது இல்லை. இந்த ஸ்கோப்பில் பாரலாக்ஸ் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்பதுதான்.

பாரலாக்ஸ் என்பது நம் பள்ளிப் பாடத்தில் படித்த அதே இடமாறு தோற்றப் பிழை. அளவுகோலை நேர் மேலிருந்து பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் அளவு மாறித் தெரியுமே, அதுதான். ஸ்கோப்பின் முன் லென்ஸ் இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஓரிடத்தில் விழ வைக்கிறது. குறுக்குக்கோடு சரியாக அதே இடத்தில் இருந்தால், கண் கொஞ்சம் மேலோ கீழோ போனாலும் கோடு இலக்கின் மேல் ஒட்டியபடியே நிற்கும். இலக்கு கிட்டே வந்தால் பிம்பம் கண் பக்கமாகத் தள்ளி விழும். கோடு ஓரிடம், பிம்பம் ஓரிடம் என்றாகிவிடும். அப்போது கண் நகர்ந்தால் கோடும் இலக்கின் மேல் நகரும். துப்பாக்கி ஆடவில்லை, விரல் தவறவில்லை, ஆனாலும் குண்டு தள்ளிப் போகும்.

எவ்வளவு தள்ளிப் போகும் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுங்கள். இலக்கின் தூரத்துக்கும் ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, சரிசெய்யப்பட்ட தூரத்தால் வகுத்தால், கண் முழுக்க ஓரத்துக்குப் போகும்போது வரும் உச்சபட்சப் பிழை கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், 100 கெஜம் அதாவது 91 மீட்டருக்குச் சரிசெய்தது, முயல் 25 மீட்டரில் என்றால் பிழை 18 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் லென்ஸ், 50 கெஜம் அதாவது 46 மீட்டருக்குச் சரிசெய்தது, அதே முயல் என்றால் 7 மில்லிமீட்டர். அந்த இரண்டாவது ஸ்கோப்பில் 60 மீட்டருக்குப் பிழை 5 மில்லிமீட்டர்தான். முயலின் தலையில் குண்டு பட வேண்டிய இடம் ஒரு பெரிய நாணயத்தின் அகலம், 25 முதல் 30 மில்லிமீட்டர். நடுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் 18 மில்லிமீட்டரைக் கண்ணாடியே தின்றுவிட்டால் சுடுபவருக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே பெட்டியில் ‘ரிம்ஃபயர்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள், ஆனால் அந்தச் சொல்லோடு நிற்காமல் விவரத்தாளில் தூரத்தையும் பாருங்கள். வார்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையின் 2-7x32 ரிம்ஃபயர் 50 கெஜத்துக்குச் சரிசெய்தது. லியூபோல்டின் ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் 60 கெஜத்துக்கு. இரண்டும் நாம் சொல்லும் தூரத்துக்குள் அடங்கும். ஏர்கன்னுக்கான ஸ்கோப்பையும் .22இல் தாராளமாகப் போடலாம். ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னும் இரு பக்கமும் உதைப்பதால் அதற்கான ஸ்கோப்பை உறுதியாகவே கட்டியிருப்பார்கள், பாரலாக்ஸும் கிட்டத்துக்கே இருக்கும்.

பதில் எழுதியவர் சொன்ன 6-24இல் பாரலாக்ஸ் திருகு தனியாக இருக்குமே என்று யாராவது கேட்கலாம். இருக்கும். ஆனால் அது எவ்வளவு கிட்டே வரும் என்று பாருங்கள். சிலவற்றில் 50 கெஜத்துக்குக் கீழே எண்ணே இருக்காது. 10 கெஜம் வரை இறங்கும் திருகு இருந்தாலும், 24 மடங்கில் தூரம் நான்கைந்து மீட்டர் மாறினாலே படம் மங்கிவிடும், மறுபடி திருக வேண்டும். முயல் அதுவரை உட்கார்ந்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தூரத்தில் காகிதம் சுடுபவருக்கு அது நல்ல கருவி. வேலியோரம் நடந்து போய்ச் சுடுபவருக்கு அது சுமை.

உருப்பெருக்கத்தில் இன்னொரு பெரிய சிக்கல் உண்டு. 4 மடங்கு ஸ்கோப்பில் 100 மீட்டர் தொலைவில் ஒன்பது மீட்டருக்கு மேல் அகலம் தெரியும். 25 மீட்டரில் அது இரண்டரை மீட்டருக்குப் பக்கம். ஒரு முயல், அது நிற்கும் புதர், பக்கத்தில் இன்னொரு முயல், பின்னால் இருக்கும் வேலிக்கம்பி எல்லாம் ஒரே பார்வையில் வரும். 24 மடங்கில் 25 மீட்டரில் தெரிவது 40 சென்டிமீட்டர் கூட இல்லை. ஒரு முயலின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். ரைஃபிளை எடுத்துத் தோளில் வைத்ததும் கண்ணுக்குள் வருவது பழுப்பு நிற ரோமம் மட்டும். அது முதுகா, தொடையா, முயலே இல்லாமல் காய்ந்த புல் கட்டா என்பது தெரியாது. தேடிப் பிடிப்பதற்குள் முயல் வளைக்குள் போயிருக்கும். போதாததற்கு இதயத் துடிப்பும் மூச்சும் 24 மடங்காகப் பெருகி, கோடு இலக்கைச் சுற்றிச் சுற்றி ஓடுவதாகத் தோன்றும். அது நிற்கும் நேரம் பார்த்து விசையை வெடுக்கென்று இழுக்கும் கெட்ட பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

நிலையான 4x32, அல்லது 2-7x32, அல்லது 3-9x40. இந்த மூன்றுக்குள் எதை எடுத்தாலும் முயலுக்குப் போதும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் 2-7x32. நடக்கும்போது 3இல் வைத்திருங்கள், ரைஃபிளைச் சாய்த்து வைக்க வேலிக்கல் கிடைத்து 50 மீட்டரில் முயல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் 6க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே காசுக்கு மலிவான 3-12ம் நல்ல கண்ணாடி போட்ட நிலையான 4ம் கிடைத்தால், யோசிக்காமல் 4ஐ எடுங்கள். அசையும் பாகம் குறைந்தால் கெடுவதும் குறையும்.

முன் லென்ஸ் பெரிதாக இருந்தால் இருட்டில் நன்றாகத் தெரியும் என்பது பாதி உண்மை. லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு வரும். 32ஐ 4ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர். மங்கிய வெளிச்சத்தில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும், வயதானவருக்கு 5 வரைதான். எனவே 4x32 கொடுக்கும் வெளிச்சத்தையே கண் முழுக்க வாங்க முடியாது. 50 மில்லிமீட்டர் லென்ஸை 24 மடங்கில் வைத்தால் வட்டம் 2 மில்லிமீட்டர்தான், அந்தி வேளையில் படம் இருண்டுவிடும். முயல்கள் மேய வருவதே அந்தியிலும் விடியலிலும்தான்.

பெரிய லென்ஸின் உண்மையான தீங்கு உயரம். 50 மில்லிமீட்டர் மணிவாய் (முன் லென்ஸ் இருக்கும் அகன்ற முனை) குழலில் இடிக்காமலிருக்க உயரமான ரிங் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்திருக்கும் வளையம்) போட வேண்டியிருக்கும். ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் ஸ்டாக்கை (ரைஃபிளின் கட்டையை) விட்டு எழும்பி, தாடைதான் அதில் படும். தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். மேலே சொன்ன பாரலாக்ஸ் பிழை அப்போதுதான் முழு அளவில் வெளியே வரும். உயரம் வேறொரு விதத்திலும் கெடுக்கும். ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டிலிருந்து 38 மில்லிமீட்டர் மேலே இருந்து 50 மீட்டரில் ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி திருத்தினால்), 10 மீட்டரில் குண்டு ஒரு சென்டிமீட்டர் கீழே படும். அதே ஸ்கோப் 55 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் 10 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் கீழே. காலடியில் இருக்கும் முயலின் தலைக்குக் குறி வைத்துத் தாடையில் சுடுபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஸ்கோப்பை உட்கார வையுங்கள்.

தாழ்வாக வைக்கும்போது இடிக்கக்கூடிய இடம் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடி. சீஸெட் 452, 455 ரைஃபிள்களில் போல்ட் 90 பாகை தூக்க வேண்டும், ஸ்கோப்பின் கண் பக்கத்து மணியில் விரல் மாட்டும். 457இல் அதை 60 பாகையாக்கிவிட்டார்கள், அதனால் தாழ்ந்த ரிங் போட இடமுண்டு. கடையில் ரிங் வாங்கும்போது ரைஃபிளையும் கொண்டுபோய், போல்டைத் திறந்து மூடிப் பார்ப்பது நல்லது. முன் லென்ஸ் மணிக்கும் குழலுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், லென்ஸ் மூடி நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

ரிங்கிலேயே இரண்டு இனம். பெரும்பாலான .22 ரைஃபிள்களின் ரிசீவர் (போல்ட் இருக்கும் உடற்பகுதி) மேலே இரு பக்கமும் வெட்டிய பள்ளம் இருக்கும், 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல் என்பார்கள். இன்னொன்று குறுக்கே வெட்டுகள் போட்ட வீவர் அல்லது பிக்காட்டினி ரெயில். ஒன்றுக்கானது மற்றதில் உட்காராது. வீவர் ரிங்கை டவ்டெய்லில் நெருக்கி இறுக்கினால் முதல் நாள் பிடித்த மாதிரி இருக்கும், நூறு தோட்டாவுக்குள் நழுவும். குழாயின் விட்டமும் பாருங்கள். .22க்கான ஸ்கோப் பெரும்பாலும் ஓர் அங்குலம், 25.4 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் ரிங்கில் காகிதம் சுற்றி அதைப் பொருத்தாதீர்கள்.

பொருத்தும் வேலையை அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டும். மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலில் தோட்டா அமரும் அறை) காலி என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பார்த்து, போல்டை உருவி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பள்ளத்திலும் ரிங்கின் பிடியிலும் எண்ணெய் இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். கீழ்ப் பாதியைப் பூட்டி, ஸ்கோப்பை வைத்து, மேல் மூடியைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாக வைத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். வட்டம் ஓரத்தில் கறுப்பு நிழலில்லாமல் முழுசாகத் தெரிகிற இடம் வரும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் 75 முதல் 100 மில்லிமீட்டர் இடைவெளி வரும். குளிர்காலத்தில் போடும் தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜூலை மாதத்தில் அளவு மாறிவிடும்.

அடுத்தது சாய்வு. 25 மீட்டரில் ஒரு வெள்ளைக் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு போல. ரைஃபிளை மட்டமாக வைத்துக்கொண்டு, நிற்கும் கோடு அந்தக் கயிற்றோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். இது அழகுக்காகச் செய்வதல்ல. நேராக ஜீரோ செய்த ரைஃபிளை 5 பாகை சாய்த்துச் சுட்டால் 50 மீட்டரில் குண்டு 11 மில்லிமீட்டரும் 75 மீட்டரில் 18 மில்லிமீட்டரும் பக்கவாட்டில் போகும். கோடு கோணலாக இருந்தால் கை தன்னையறியாமல் கோட்டை நேராக்கப் பார்த்து ரைஃபிளைச் சாய்க்கும்.

மூடித் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். இரு பக்கமும் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே ஒரே அளவு சந்து இருக்க வேண்டும். முடிவில் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அதற்கு மேல் வேண்டாம். .22க்கு உதை என்று சொல்லும்படி எதுவுமில்லை. கை பலத்தையெல்லாம் காட்டி இறுக்குபவர்கள் மெல்லிய அலுமினியக் குழாயை நசுக்கி, உள்ளே உருப்பெருக்க வளையத்தை முடக்கிவிடுகிறார்கள். உருப்பெருக்க வளையம் சுற்ற அடம்பிடித்தால் முதலில் பின் ரிங்கின் திருகைத் தளர்த்திப் பாருங்கள்.

கோட்டைத் தெளிவாக்கும் வளையம் கண் பக்கத்தில் இருக்கும். அது அவரவர் கண்ணுக்கானது. வெறும் வானத்தைப் பார்த்து (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்) இரண்டு விநாடி மட்டும் பார்த்து, கோடு மங்கலாக இருந்தால் கண்ணை எடுத்துவிட்டுத் திருகி, மறுபடி பாருங்கள். தொடர்ந்து பார்த்துக்கொண்டே திருகினால் கண் தானே சமாளித்துக்கொண்டு ஏமாற்றிவிடும். பலர் இந்த வளையத்தைப் பாரலாக்ஸ் திருகு என்று நினைத்து இலக்கைத் தெளிவாக்கப் பயன்படுத்துகிறார்கள். அதனால் பாரலாக்ஸ் போகாது.

கோட்டின் வகையில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும் டூப்ளெக்ஸ் போதும். அந்தியில் மெல்லிய கோடு புல்லில் கரைந்துவிடும், தடித்த நான்கு முனைகளும் கண்ணை நடுவுக்கு இழுத்துக்கொண்டு வரும். நடுக்கோட்டுக்குக் கீழே பல படிகள் போட்டு 75, 100, 125 என்று குறித்த கோடுகளும் விற்கிறார்கள். உங்கள் தோட்டாவின் வேகம் அந்தக் கம்பெனி நினைத்த வேகமாக இருந்தால்தான் அவை பொருந்தும். சாதாரண ஸ்கோப்புகளில் உருப்பெருக்கம் மாறும்போது படம்தான் பெரிதாகும், கோடு அப்படியே இருக்கும். ஆகவே அந்தப் படிகள் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 7இல் அளந்து வைத்துவிட்டு 3இல் சுட்டால் கணக்கு தலைகீழ்.

இனி கிளிக் கணக்கு. கால் எம்.ஓ.ஏ (எம்.ஓ.ஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று எழுதிய திருகில் ஒரு கிளிக் 100 மீட்டரில்தான் 7 மில்லிமீட்டர். 50 மீட்டரில் அதில் பாதி, மூன்றரைக்குச் சற்று மேல். 25 மீட்டரில் இரண்டுக்கும் குறைவு. 50 மீட்டரில் 5 சென்டிமீட்டர் மேலே ஏற்ற 14 கிளிக் வேண்டும். சென்ற வாரப் பதிலைப் பார்த்து 7 கிளிக் திருகியவர், குண்டு பாதி வழியில் நிற்பதைக் கண்டு ஸ்கோப் பழுது என்று நினைத்திருப்பார். 0.1 மில் (மில் என்பது ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எழுதியிருந்தால் 100 மீட்டரில் 10, 50 மீட்டரில் 5 மில்லிமீட்டர்.

ஜீரோ செய்ய: போல்டைக் கழற்றிய ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, குழலுக்குள் பின்னாலிருந்து பார்த்து, 25 மீட்டரில் உள்ள கறுப்பு வட்டத்தைக் குழலின் நடுவில் கொண்டுவாருங்கள். ரைஃபிளைத் தொடாமல் ஸ்கோப்பின் கோட்டையும் திருகி அதே வட்டத்துக்குக் கொண்டுவந்தால் முதல் குண்டே காகிதத்தில் விழும். 25 மீட்டரில் மூன்று குண்டு சுட்டுத் திருத்திவிட்டு 50க்குப் போய், ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஐந்தின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருகினால் பொழுதுதான் போகும். 25 மீட்டரிலேயே முடித்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி முடித்தால் 50 மீட்டரில் குண்டு இரண்டரை சென்டிமீட்டர் கீழே போகும்.

50 மீட்டரில் ஜீரோ, 38 மில்லிமீட்டர் உயரம், சிசிஐ ஸ்டாண்டர்ட் போன்ற விநாடிக்கு 326 மீட்டர் வேகத் தோட்டா என்றால் 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே, 75 மீட்டரில் சுமார் 8 சென்டிமீட்டர் கீழே, 100 மீட்டரில் சுமார் 24 சென்டிமீட்டர் கீழே படும். 50க்கும் 75க்கும் நடுவே என்ன ஆகிறது என்று பாருங்கள். 75 மீட்டர் முயலை 60 என்று கண்ணளவில் தவறாக மதித்தாலே தலை தப்பிவிடும். இதனால்தான் 60 மீட்டரோடு நிறுத்தச் சொல்கிறோம். இந்த எண்களை அப்படியே நம்பாமல் உங்கள் தோட்டாவில் 15, 25, 50, 60, 75 மீட்டர்களில் காகிதம் கட்டிச் சுட்டு, படும் இடத்தை எழுதி ஸ்டாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வேகத் தோட்டா வாங்கினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். குண்டின் வளைவு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பக்கக்காற்றில் அது இன்னும் அதிகமாகத் தள்ளப்படும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு காற்றில் சீக்கிரம் வேகமிழக்கிறது, அந்த இழப்புக்கு ஏற்றபடிதான் காற்று அதைத் தள்ளும். எந்தத் தோட்டாவை உங்கள் குழல் விரும்புகிறது என்பதை நான்கைந்து வகை வாங்கிச் சுட்டுத்தான் அறிய முடியும். வகை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு குழலில் படிய வேண்டும். ஐந்து குண்டும் 50 மீட்டரில் 25 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் அந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளுங்கள்.

குறி திடீரென்று மாறினால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் ஸ்டாக்கின் அடியில் இருக்கும் திருகுகள், பிறகு ரிங் திருகுகள், பிறகு தோட்டா மாறியதா என்று இந்த வரிசையில் பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்கோப்பையே சோதிக்க ஒரு பெட்டிச் சோதனை போதும். 50 மீட்டரில் ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு, 20 கிளிக் மேலே திருகி மூன்று, 20 வலப்பக்கம் மூன்று, 20 கீழே மூன்று, 20 இடப்பக்கம் மூன்று. பக்கத்துக்கு 73 மில்லிமீட்டர் கொண்ட சதுரம் கிடைத்து, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். மலிவான ஸ்கோப்பில் திருகிய உடனே கோடு நகராமல், இரண்டாவது மூன்றாவது குண்டின் அதிர்வில்தான் நகரும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் பலவீனம் என்று அர்த்தம். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

பாரலாக்ஸ் சோதனைக்கு ஒரு குண்டும் செலவில்லை. காலியான ரைஃபிளை மூட்டையில் வைத்து, கோட்டை 25 மீட்டரில் ஒரு புள்ளியில் நிறுத்தி, ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். கோடு புள்ளியைச் சுற்றி எவ்வளவு அலைகிறது என்பதுதான் உங்கள் பிழை. பிறகு 50 மீட்டரில் அதையே செய்யுங்கள். பழைய ஸ்கோப் வாங்கும்போது கடையின் வாசலில் நின்றே இதைப் பார்த்துவிடலாம். முன் லென்ஸ் வளையத்தைக் கழற்றித் திருகி 100ஐ 50 ஆக்கித் தருகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். சில ஸ்கோப்புகளில் செய்ய முடியும், ஆனால் உள்ளே அடைத்த நைட்ரஜன் வெளியேறி, அடுத்த குளிர்கால விடியலில் உள்பக்கம் பனி படியும். துடைக்க வழியில்லை.

ரிம்ஃபயர் என்றதும் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர் 17 கிரெயின் (சுமார் 1.1 கிராம்) குண்டை விநாடிக்கு 777 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அதற்கு 100 கெஜம் சரிசெய்த 3-9 அல்லது பாரலாக்ஸ் திருகுள்ள 4-12 பொருந்தும். மேலே சொன்னதெல்லாம் .22 லாங் ரைஃபிளுக்கு.

இன்னும் ஒன்று, சென்ற வாரப் பதிலில் எங்களை மிகவும் கவலைப்படுத்திய வரி. “தூரத்தில் அசைவது என்ன என்று பார்க்கவும் 24 மடங்கு உதவும்” என்று எழுதியிருந்தார்கள். ஸ்கோப் வழியே பார்ப்பது என்றால் குழலை அந்தப் பக்கம் நீட்டுவது. புதருக்குப் பின்னால் இருப்பது பக்கத்துப் பண்ணைக்காரராகவும் இருக்கலாம், அவர் நாயாகவும் இருக்கலாம். தேடுவதற்கு 8x32 பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், 6-24 ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் 2-7 ஸ்கோப்போடு அதுவும் வந்துவிடும். .22 குண்டு ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டிகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். காய்ந்த தரையிலும் தண்ணீரிலும் அது தெறித்துப் போகும். முயலின் பின்னால் மண் மேடு இருக்கிறதா என்று பைனாகுலரில் பார்த்த பிறகே ரைஃபிள் தோளுக்கு வர வேண்டும். அந்த வரியையும் கிளிக் கணக்கையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுடுகளத்தில் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் வாசகர்கள்,
விக்டோரியா, ஆஸ்திரேலியா